விடுப்பில் இருக்கிறார்

எங்கள் ஆபீசில் அந்தக் கருவிக்கு மாமியார் என்று பெயர். பேர் வைத்தவன் என் தம்பி. எழுதியவனும் அவன்தான். அதில் படமும் கிடையாது, பட்டனும் கிடையாது. கறுப்பு ஜன்னலைத் திறந்து ஒரு கட்டளையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். நம் ஃபைல்களை மேலிருந்து கீழ்வரை மோப்பம் பிடித்து, எது நொட்டை எது நொள்ளை என்று சிவப்பு எழுத்தில் வரிசையாகக் கொட்டும். குறை ஒன்றும் இல்லையென்றால் பச்சையில் ஒரே ஒரு வரி வரும். "என்னடா, மாமியார் வாயைத் திறந்தாளா?" என்றுதான் காலையில் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்வோம். கல்யாணமே ஆகாத பயலுக்கு மாமியாரைப் பற்றி என்னடா தெரியும் என்று கேட்டேன். "வீட்டுல நீ இருக்கியேக்கா, அந்த அனுபவம் போதாதா?" என்றான். தலையில் ஒரு குட்டு வைத்தேன்.

சிரிப்பாகத்தான் ஆரம்பிக்கிறேன், வேறு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. வாய் திறக்க வேண்டிய நேரத்தில் அந்த மாமியார் வாய் திறக்காமல் இருந்துவிட்டதால், ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் செத்துப்போனாள். பழியைத் தூக்கி என் தம்பி தலையில் வைத்தார்கள். அவனோ அதற்கு ரெண்டு வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தான்.

நாங்கள் செய்வது ஆஸ்பத்திரிகளில் கட்டில் பக்கத்தில் நிற்கும் பம்ப். மருந்தைச் சொட்டுச் சொட்டாக ரத்தத்தில் ஏற்றும் மெஷின். அதற்குள் ஓடும் புரோகிராமை டீமில் உள்ளவர்கள் எழுதுகிறார்கள். நர்சுகளுக்குக் கையேடு எழுதுவது என் வேலை, மாமியாருக்குக் கையேடு எழுதியதும் நான்தான். புரோகிராம் முழுவதும் ஒரே இடத்தில் சேமிப்பில் இருக்கிறது. யார், எந்த வரியை, என்றைக்கு மாற்றினார்கள் என்பது அங்கே அழியாமல் பதிவாகும். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் பார்த்து, சரி என்று சொல்லாமல் அந்த ஃபோல்டருக்குள் ஒரு கமாகூட நுழைய முடியாது. எந்த ஃபோல்டருக்கு யார் பொறுப்பு என்பதையும் ஒரு ஃபைலில்தான் எழுதி வைத்திருக்கிறோம். அந்தப் பெயர்களெல்லாம் நிஜமா, ஆள் இருக்கிறாரா வேலையை விட்டுப் போய்விட்டாரா என்று பார்ப்பதுதான் மாமியாரின் முக்கியமான வேலை. மருந்தளவு என்ற ஃபோல்டருக்கு என் தம்பி பொறுப்பாளர். ஊசி முனை அளவு தப்பு நடந்தாலும் உயிர் போகிற இடம் அது, அதனால்தான் அவனிடம் கொடுத்திருந்தார்கள்.

தெருமுனைக் கடைக்குப் போனவன் திரும்பி வரவில்லை. லாரிக்காரன் பின்னால் பார்க்காமல் ரிவர்ஸ் எடுத்தான். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஆகாது.

காரியமெல்லாம் முடிந்து நான் ஆபீசுக்குத் திரும்பிய அன்று, கையேட்டு ஃபைல்களைச் சரிபார்க்க அந்தக் கட்டளையைத் தட்டினேன். ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு. என் தம்பி பெயர், பக்கத்தில் "இப்படி ஒருவர் இல்லை". அவன் பெயர், "இப்படி ஒருவர் இல்லை". அவன் பொறுப்பில் இருந்த ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி. அவன் கம்ப்யூட்டர் கணக்கை நிர்வாகத்தில் மூடியிருந்தார்கள், அது பாட்டுக்குக் கத்தியது. பக்கத்து ஸ்கிரீன், எதிர் ஸ்கிரீன், எல்லாவற்றிலும் அதே சிவப்பு. எல்லோரும் என்னைப் பார்க்காத மாதிரி பார்த்தார்கள். நான் பாத்ரூமுக்கு ஓடி, குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

மதியம் திரும்பத் தட்டினால் பச்சை. தாடி வந்து என் மேஜை ஓரத்தில் நின்றான்.

தாடி எங்கள் டீம் லீடர். மழமழவென்று ஷேவ் செய்த முகம். தாடி காலேஜோடு போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. என் தம்பியோடு ஒரே பெஞ்சில் படித்தவன். ஆஸ்பத்திரியில் என் தம்பியைத் துணி சுற்றிக் கொடுத்தபோது ஒரு பக்கம் தூக்கியவன். அதற்கப்புறம் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அம்மாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு வருவான். என் தம்பியைவிடச் சில மாதம் மூத்தவன் என்பதால் அம்மாவுக்கு அவன் பெரியவன்.

"அக்கா, இனிமே அது கத்தாது" என்றான்.

"என்னடா பண்ணே?"

"லீவுல இருக்கான்னு போட்டுட்டேன்."

அவன் குரல் உடைந்தது. "ரொம்ப நீளமான லீவுடா" என்றேன். ரெண்டு பேரும் சிரித்தோம், சிரித்துக்கொண்டே அழுதோம். அந்த நேரத்தில் அவன் எனக்குச் செய்த உபகாரம் அது. அதை இன்றைக்கும் நான் மறுக்கமாட்டேன்.

விடுப்பு ஃபைல் என்று மாமியாருக்கு ஒன்று உண்டு. யாராவது லீவில் போனால் அவர் பெயரை அதில் போடுவார்கள். மாமியார் அவர் இருக்கிறாரா என்று நோண்டாமல், அவருக்காகக் காத்திருக்காமல், அவருக்கு மாற்றாக எழுதியிருக்கும் ஆளிடம் சம்மதம் கேட்கும். தினமும் மாறுகிற சமாச்சாரம், இதற்கெல்லாம் யார் வரலாறு பார்ப்பது என்று அந்த ஒரு ஃபைலை மட்டும் சேமிப்புக்கு வெளியே, சர்வரில் சும்மா போட்டு வைத்திருந்தார்கள். ஊரில் உள்ள ஃபைலுக்கெல்லாம் யார் எழுதியது, எப்போது எழுதியது என்று நோண்டுகிறவளுக்குச் சொந்த ஃபைலில் ஒரு தடயமும் கிடையாது. நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தம்பி பெயரை எடுத்துவிட்டு வேறு பெயர் போட வேண்டும் என்று அடுத்த வாரம் பேசினார்கள். அதற்கடுத்த வாரமும் பேசினார்கள். அழிக்க ஒருத்தருக்கும் கை வரவில்லை. "இருக்கட்டுமே, அவன் பேரு அங்க இருந்தா நமக்கு என்ன நஷ்டம்?" என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் தலையாட்டினோம். மருந்தளவு ஃபோல்டரை யாரும் தொடுவதும் இல்லை. நன்றாக ஓடுகிறதை எவன் போய்க் கிண்டுவான்?

ரெண்டு வருஷம் கழித்துக் கண்ணாடி கிண்டினான். தடிமனான கண்ணாடி போட்ட புரோகிராமர், நல்ல பையன், யாரையும் எதிர்த்துப் பேசாதவன். எண்களைக் காட்டும் விதத்தை எல்லா ஃபோல்டரிலும் ஒரே மாதிரி மாற்றச் சொல்லியிருந்தார்கள், மாற்றினான். மருந்தளவில் ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போனது. நர்ஸ் புள்ளி ஐந்து என்று அழுத்தினால் பம்ப் அதை ஐந்து என்று எடுத்துக்கொண்டது. என் தம்பி பார்த்திருந்தால் காபி குடித்துக்கொண்டே கண்டுபிடித்திருப்பான். மாமியார் பார்த்தாள்: பொறுப்பாளர் விடுப்பில் இருக்கிறார். பச்சை காட்டிவிட்டாள். "பச்சை வந்துச்சுக்கா. யாரோ பாத்துட்டாங்கன்னுதான் நெனச்சேன்" என்று அப்புறம் கண்ணாடி சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

அந்தப் பெண்ணின் படத்தை டிவியில் காட்டினார்கள். ரெட்டைச் சடை. அவள் அம்மா மைக்கைத் தள்ளிவிட்டு, "யாருன்னு மட்டும் சொல்லுங்க, யாருன்னு மட்டும் சொல்லுங்க" என்று கத்தினாள்.

அரசாங்க விசாரணைக்கு முந்தின நாள் மேலாளர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார், தண்ணீர் கொடுத்தார். இவர் தண்ணீர் கொடுத்தால் வேலை போகிறது என்று அர்த்தம், ஆனால் அன்றைக்குப் போகவிருந்தது என் வேலை இல்லை, என் தம்பி பேர்.

"உணர்ச்சிவசப்படாம கேளுங்க மேடம். அந்தக் கருவிக்குக் கையேடு எழுதினது நீங்க. நாளைக்கு அதிகாரி முன்னாடி அதை ஓட்டிக் காட்ட வேண்டியதும் நீங்கதான். ஃபைல்ல இருக்கிறது உங்க தம்பி பேரு. கருவியை எழுதினதும் அவரு. கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, வேற யாரையும் இழுக்காதீங்க."

"அப்ப அவன் மேல எழுதப்போறீங்க."

"போனவரை யாரு என்ன பண்ண முடியும் சொல்லுங்க? இருக்கிறவங்களுக்குக் குடும்பம் இருக்கு."

"போனவனுக்கும் ஒரு அம்மா இருக்காங்க சார்" என்றேன்.

அவருக்கு அது புரிந்திருக்காது. என் அம்மா எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், கட்டில் பக்கத்தில் அந்த பம்பைப் பார்த்துவிட்டால் போதும், கிட்டே போய்த் தொட்டுப் பார்ப்பாள். நோயாளி யார் எவர் என்று பார்க்கமாட்டாள். "இது என் புள்ள செஞ்சது. பயப்படாதீங்க, ஒன்னும் ஆகாது" என்பாள். சில நர்சுகள் சிரிப்பார்கள், சிலர் விரட்டுவார்கள். மகன் போன பிறகு அவள் உயிரோடு நடமாடுவது அந்த ஒரு வார்த்தையில்தான். அதைப் பிடுங்கிக்கொண்டால் அம்மாவிடம் வேறு என்ன இருக்கிறது? எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். நடந்தது நடந்தபடி எழுதட்டும், என் தம்பிதான் ஒரு குழந்தையைக் கொன்றான் என்று மட்டும் எழுதக் கூடாது.

படிக்கட்டில் தாடி காத்திருந்தான். முகம் வெளிறி, உதடு காய்ந்து கிடந்தது.

"அக்கா, என்ன சொன்னாரு?"

"உனக்குத் தெரியாதா?"

குனிந்துகொண்டான். "எனக்கு ரெண்டு குழந்தைங்கக்கா. சின்னதுக்கு இன்னும் பேச்சு வரல. உள்ள தூக்கி வச்சுடுவாங்கக்கா."

"நாளைக்கு நீயே சொல்லிடு. நல்ல எண்ணத்துலதான் போட்டேன்னு சொல்லு. நான் சாட்சி சொல்றேன்."

அவன் படிக்கட்டின் கைப்பிடியைச் சுரண்டினான். அப்புறம் மெதுவாக, "அவன் இருந்தா எனக்காக அவனே ஏத்துப்பான்க்கா" என்றான்.

எனக்கு உச்சந்தலை கொதித்தது. "இருந்தாவா? இருந்தா இது நடந்தே இருக்காதுடா மடையா! இல்லாதவனை இருக்கான்னு போட்டது யாரு? பேச வந்துட்டான்!" என்று கத்தினேன். மேல் மாடியில் யாரோ எட்டிப் பார்த்தார்கள். தாடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொன்னது உண்மை என்பதால்தான் எனக்கு அவ்வளவு கோபம். என் தம்பி ஏற்றுக்கொண்டிருப்பான். அவன் அப்படிப்பட்ட பைத்தியக்காரன்.

மதியம் உட்கார்ந்து மாமியாரின் புரோகிராம் முழுவதையும் படித்தேன். எனக்கு எழுதத் தெரியாது, படித்தால் புரியும். தம்பி மேல் ஒரு தப்பும் இல்லை என்று நிரூபிக்கிற ஒரு வரியாவது கிடைக்காதா என்று தேடினேன். விடுப்பு பற்றிய பகுதிக்கு வந்தேன். பொறுப்பாளர் விடுப்பில் இருந்தால் மாற்று ஆளைப் பார். மாற்று ஆள் சம்மதம் தந்தால் விடு. தராவிட்டால் நிறுத்து. மாற்று ஆள் என்று யாரையுமே எழுதியிருக்காவிட்டால்?

விடு என்று எழுதியிருந்தான்.

பக்கத்தில், மெஷின் படிக்காத, மனுஷர்கள் படிப்பதற்கான குறிப்பு ஒன்றும் எழுதியிருந்தான். "இந்த இடத்துக்கு வரவே வராது. வந்தா அக்கா திட்டுவா." எழுதியது அவன்தான் என்பதற்குப் பெயர், தேதி, நேரம் எல்லாம் சேமிப்பில் பத்திரமாக இருந்தன.

திட்டினேன். அடப்பாவி, அடப்பாவி என்று வாய்விட்டுத் திட்டினேன். நிறுத்து என்று எழுதியிருக்க வேண்டிய இடம்டா அது. ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையை மாற்றி எழுதியிருந்தால், தாடி போட்ட லீவு வெறும் லீவாகவே கிடந்திருக்கும். கன்னம் நனைந்துகொண்டே இருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. என் தம்பி சுத்தமில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை மட்டும் மறைத்துவிட்டுத் தாடியைக் காட்டிக் கொடுக்கலாம். அப்படிச் செய்ய என்னால் முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

மறுநாள் மீட்டிங் அறையில் டீம் முழுக்க உட்கார்ந்திருந்தது. அதிகாரி சளி பிடித்த ஓர் அம்மாள். கைக்குட்டையை மடக்கி மடக்கி மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடுகடுப்பு எதுவும் இல்லை. சுவரில் இருந்த பெரிய ஸ்கிரீனில் கறுப்பு ஜன்னலைத் திறந்து கட்டளையைத் தட்டினேன். பச்சையில் ஒரு வரி: குறை எதுவும் இல்லை.

"இந்த மருந்தளவு ஃபோல்டருக்கு யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"என் தம்பி."

"அவரைக் கொஞ்சம் வரச் சொல்லுங்க."

"அவன் இறந்து ரெண்டு வருஷம் ஆச்சு மேடம்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அப்புறம் எப்படி இது ஒன்னும் சொல்லலை?"

"அவன் லீவுல இருக்கான்னு நெனச்சுக்கிட்டிருக்கு."

"யாரு அப்படிப் போட்டது?"

மேலாளர் தொண்டையைச் செருமினார். நான் தாடியைப் பார்த்தேன். சொல்லுடா என்று கண்ணால் கெஞ்சினேன். அவன் மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். சொல்லமாட்டான் என்று தெரிந்ததும் நான் சொன்னேன். சிவப்பு வந்த காலை, நான் பாத்ரூமில் அழுதது, மதியம் அவன் வந்து சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, எனக்காகத்தான் செய்தான் என்றும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "என் தம்பி எழுதினதுலயும் தப்பு இருக்கு மேடம்" என்று சொல்லி, அந்த வரியையும் திறந்து காட்டினேன். பெரிய ஸ்கிரீனில் 'அக்கா திட்டுவா' என்று வந்தது.

அதிகாரி தாடியிடம் திரும்பினார். "இவங்க சொல்றது சரியா?"

"இல்ல மேடம்" என்றான் தாடி. அவன் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் போடல. அவன் இறந்த அன்னைக்கு லீவுலதான் இருந்தான். அவனே முந்தின நாள் போட்டுட்டுப் போயிருப்பான். அப்படியே இருந்துருச்சு."

"அப்படின்னா நான் ஆபீசுக்குத் திரும்பி வந்த அன்னைக்கு அது ஏன்டா கத்துச்சு? எல்லா ஸ்கிரீனும் சிவப்பா இருந்துச்சே!" என்று நான் எழுந்துவிட்டேன். "எல்லாரும்தானே பார்த்தீங்க? சொல்லுங்களேன்!"

அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டார். ஞாபகம் இல்லைங்க. சரியா கவனிக்கலை மேடம். ரொம்ப நாளாச்சுங்க. கண்ணாடி மட்டும் வாயைத் திறந்தான். மேலாளர் அவனைப் பார்த்தார், அவன் வாயை மூடிக்கொண்டான். யாருடைய மாற்றத்தால் புள்ளி போனது என்று எல்லோருக்கும் தெரியும், பாவம் அவன் எப்படிப் பேசுவான்? விடுப்பு ஃபைலின் தேதியைப் பார்க்கலாம் என்றேன். போன வருஷம் சர்வரை மாற்றியபோது அந்தத் தேதியும் மாறிப்போயிருந்தது. பழைய சிவப்பு வரிகளையெல்லாம் மெஷின் தானாகவே துடைத்துவிட்டிருந்தது.

அதிகாரி என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். "நீங்க சொல்றதை நான் நம்புறேம்மா. ஆனா உங்க தம்பி எழுதின வரிக்குப் பேரு, தேதி எல்லாம் இருக்கு. மத்ததுக்கு உங்க வாய்ச்சொல் மட்டும்தான் இருக்கு. நான் எதை எழுத முடியும்?" என்றார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார். அந்த அம்மாள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. என் தம்பிக்கு எதிராக அங்கே இருந்த ஒரே சாட்சியைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

அறிக்கை வந்தது. டிவியில் பெயர் சொல்லவில்லை. ஆனால் கம்பெனியின் போர்டையும் பம்பையும் காட்டினார்கள். "இறந்துபோன ஊழியர் ஒருவர், தான் விடுப்பில் சென்றபோது மாற்று ஆளை நியமிக்கத் தவறியதும், அவர் வடிவமைத்த கருவியில் இருந்த குறைபாடுமே காரணம்" என்று ஒரு பெண் ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். நான் ரிமோட்டைத் தேடினேன். அது அம்மாவின் மடியில் இருந்தது. அம்மா அதை எடுக்கவும் இல்லை, அணைக்கவும் இல்லை.

அதற்கப்புறம் அவள் சாப்பாட்டைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். ராத்திரி தூங்குகிறாளா என்றும் தெரியவில்லை. "அம்மா, அது பொய்ம்மா. அவன் லீவு போட்டதால ஒன்னும் ஆகல. அவன் செத்ததுக்கு அப்புறம் தாடிதான் அப்படிப் போட்டான்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன்.

"சும்மா இருடி. உன் தம்பி பேரைக் காப்பாத்தணும்னு அடுத்த வீட்டுப் புள்ள மேல பழி போடாத" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலிங்பெல் அடித்தது. வரமாட்டான் என்று நினைத்தேன். மாத்திரைப் பையோடு நின்றான். கதவை முகத்தில் அடித்துச் சாத்தத்தான் நினைத்தேன். உள்ளேயிருந்து அம்மா, "யாரு, பெரியவனா? உள்ள வாடா" என்று கூப்பிட்டுவிட்டாள். என்னைத் தாண்டிப் போய்ச் சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். கழுத்து எலும்பு தெரிய இளைத்திருந்தான்.

அம்மா அவனுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "உன்கிட்ட ஒன்னு கேக்கணும். இவ என்னென்னமோ சொல்றா. நீ எனக்கு மறைக்கமாட்டே. அந்த லீவை அவனேதான் போட்டானா?"

அவன் என்னைப் பார்த்தான்.

"சொல்லேன்டா" என்றேன். "அம்மா கேக்குறாங்கல்ல? அவங்க மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

மாத்திரைப் பையைக் கீழே வைத்தான். அப்புறம், "ஆமாம்மா. அவன்தான் போட்டான்" என்றான்.

அடப்பாவி என்று வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். ஏனென்றால் அம்மா தலையை ஆட்டினாள், தனக்கு ஏற்கெனவே தெரிந்ததை யாரோ சரி என்று சொன்னதுபோல.

"அவன்தான் போட்டிருப்பான்" என்றாள் அம்மா. "போடச் சொன்னது நான்தானே."

"என்னம்மா சொல்றீங்க?" என்றான் தாடி.

"ராப்பகலா அந்த மெஷினுக்கு முன்னாடி உக்காந்து கண்ணெல்லாம் குழி விழுந்து போயிருந்துச்சு. ஒரு நாள் லீவு போடுடா, வீட்டுல கிடந்து தூங்குடான்னு மல்லுக்கட்டினேன். என் வேலையைப் பாக்க வேற ஆள் இல்லம்மான்னு சொன்னான். நீ ஒரு நாள் போகலைன்னா ஆபீஸ் என்ன இடிஞ்சா விழுந்துடும்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே சரின்னு போட்டான்." அம்மா அழவில்லை. சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். "காலையில எழுந்தவனைக் கொஞ்சம் தயிர் வாங்கிட்டு வாடான்னு அனுப்பினேன். ரெண்டு வருஷமா என் புள்ளையை நான் கொன்னுட்டேன்னு மட்டும்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன். யாரோ பெத்த பொண்ணையும் சேத்துல்ல கொன்னிருக்கேன்."

எனக்கு இது தெரியாது. ரெண்டு வருஷமாக ஒரே வீட்டில், ஒரே சமையலறையில், பக்கத்துப் பக்கத்துப் படுக்கையில் இருந்திருக்கிறோம். அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

தாடி சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாவின் ரெண்டு காலையும் பிடித்துக்கொண்டான். "அம்மா, இல்லம்மா. அது நான்மா. அவன் போட்டது அந்த ஒரு நாளுக்குத்தான், அது மறுநாளே போயிருச்சு. அவன் செத்த அப்புறம் நான் புதுசாப் போட்டேன். அக்கா சொல்றதுதான் நிஜம். விசாரணையில பயந்துக்கிட்டுப் பொய் சொன்னேன். இப்பவும் பொய்தான் சொன்னேன். நான்தான்மா, நான்தான்மா" என்று மூக்கும் கண்ணும் ஒழுக அழுதான். அவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை, என் தம்பியைத் தூக்கிய அன்றுகூட.

அம்மா குனிந்து அவன் முகத்தை ரெண்டு கையாலும் தூக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகத்தில் ரெண்டு வருஷத்தில் நான் பார்க்காத ஒரு கனிவு வந்தது.

"எனக்காகவாடா உன் தலையில தூக்கி வச்சுக்கிறே?" என்றாள். "வேண்டாம்யா. உனக்கு ரெண்டு சின்னப் புள்ளைங்க இருக்கு. இப்படியெல்லாம் வெளியில போய்ச் சொல்லி வைக்காத."

"அம்மா, அவன் உண்மையைத்தான் சொல்றான்" என்று நான் கத்தினேன். "சத்தியமா அவன்தான்மா!"

அம்மா என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருமாப் பேசி வச்சுக்கிட்டீங்களாக்கும்" என்று லேசாகச் சிரித்தாள். அவன் கன்னத்தைச் சேலையால் துடைத்துவிட்டாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"நான்தான்மா" என்றான் தாடி, தரையில் உட்கார்ந்தபடியே.

உள்ளே தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.

"சரிடா, நீதான்" என்றாள் அம்மா. "எழுந்து கை கழுவிட்டு வந்து சாப்பிடு."